முத்திரையிட்ட அறையில் பதினொரு பாடல்கள்

அனுப்புநர்:
செயலாளர்,
'கடைசிப் பேருந்து' இரசிகர் மன்றம்,
மே/பா மூக்குக்கண்ணாடிக் கடை,
மாநகராட்சி வணிக வளாகத்துக்கு நேர் எதிரே.

பெறுநர்:
உயர்திரு ஆணையர் அவர்கள்,
மாநகராட்சித் தலைமை அலுவலகம்.

பொருள்: வணிக வளாகம், இரண்டாம் தளம், 27ஆம் எண் அறை – முத்திரையை அகற்றி முப்பது நாள் தற்காலிக அனுமதி கோருதல் – அறை மூடப்படக் காரணமானவர் மீது புகார் அளித்தல் – தொடர்பாக.

பார்வை: 1. எங்கள் மன்றத்தின் தகவல் கோரும் மனு, நாள்: ஜனவரி 19.
2. தங்கள் தகவல் அலுவலரின் பதில், நாள்: பிப்ரவரி 16.

மதிப்பிற்குரிய ஐயா,

1. வணக்கம். நான் மூக்குக்கண்ணாடிக் கடை நடத்துபவள். 'கடைசிப் பேருந்து' என்னும் ராக் இசைக் குழுவின் இரசிகர் மன்றத்துக்கு இருபத்தோரு ஆண்டுகளாகச் செயலாளர். மன்றத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் இருக்கிறோம். நர்சுகள், பேருந்து ஓட்டுநர்கள், ஒரு வெல்டர், ஒரு தையல்காரர், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர். எங்களில் யாரும் வேலைவெட்டி இல்லாதவர்கள் அல்லர் என்பதைத் தொடக்கத்திலேயே பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். தங்கள் அலுவலகத்துக்கு முதல் முறை வந்தபோது வரவேற்பு மேசையில் இருந்தவர் எங்களை அப்படித்தான் பார்த்தார்.

2. குழுவில் நால்வர். பாடுபவர் ஒரு பெண்மணி, வயது அறுபத்தொன்று. எங்களில் அவரைவிட மூத்தவர்களுக்கும் அவர் அக்காதான். மெட்டமைத்துக் கிட்டார் வாசிப்பவருக்கு 'ஆமை' என்று பெயர். இது நாங்கள் வைத்த பெயர் அல்ல. அக்காவே ஒருமுறை மேடையில் சொல்லி ஒட்டிக்கொண்டது. டிரம்ஸ் வாசிப்பவரும் பேஸ் கிட்டார் வாசிப்பவரும் நல்ல மனிதர்கள். ஆனால் ஆமை தலையாட்டும்வரை இருவரும் ஒரு பாடலையும் வெளியே விடமாட்டார்கள். இவர்களுடைய கடைசி இசைத்தொகுப்பு வந்து பதினான்கு ஆண்டுகள் ஆகின்றன.

3. பதினான்கு ஆண்டுகள் என்பது தங்கள் கோப்புகளுக்குப் பெரிய காலமாக இல்லாமல் இருக்கலாம். எங்களுக்கு அது பெரிது. முதல் ஆண்டு "இந்த வருட இறுதிக்குள்" என்றார்கள். நம்பினோம். ஐந்தாம் ஆண்டு "கிட்டத்தட்ட முடிந்துவிட்டது" என்றார்கள். அப்போதும் நம்பினோம். அந்த அறிவிப்பைக் கேட்டுவிட்டுக் கல்யாணம் செய்துகொண்ட எங்கள் உறுப்பினர் ஒருவருக்கு இப்போது மூன்று பிள்ளைகள். புதிய பாடல்களைக் கேட்பதற்கென்றே நர்ஸ் ஒருவர் வாங்கி வைத்த குறுந்தகடு இயந்திரம் பெட்டி பிரிக்கப்படாமலே பழையதாகிவிட்டது. ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை என் கடையில் மன்றம் கூடும். முதல் பொருள்: புதிய பாடல்கள். நடவடிக்கைக் குறிப்பேட்டில் அதற்கு எதிரே நான் 'செய்தி இல்லை' என்று எழுதுவேன். அந்த இரண்டு சொற்களை எழுதி எழுதி என் கையெழுத்தே அழகாகிவிட்டது.

4. வணிக வளாகத்தின் 27ஆம் எண் அறையைக் குழுவினர் ஏழு ஆண்டுகளாக வாடகைக்கு வைத்திருக்கிறார்கள். ஒத்திகையும் ஒலிப்பதிவும் அங்கேதான். அந்த அறைக்கு நேர் கீழே எங்கள் தையல்காரரின் கடை. சென்ற ஆண்டின் பிற்பகுதியில் அவர் கொண்டுவந்த செய்தி எங்களைக் கலங்கடித்தது. மேலே மூன்று மாதமாக ஒரே துண்டு இசையைத்தான் திரும்பத் திரும்ப வாசிக்கிறார்கள் என்றார். ஒரே நாளில் நாற்பத்தொரு தடவை எண்ணியிருக்கிறார். "என் தையல் மெஷினுக்கே மனப்பாடம் ஆயிடுச்சு, அவங்களுக்கு இன்னும் ஆகல" என்று அவர் சொன்னபோது ஒருவரும் சிரிக்கவில்லை.

5. ஏமாற்றப்படுகிறோமோ என்ற எண்ணம் எனக்கு வந்தது. வந்திருக்கக் கூடாது, ஆனால் வந்தது. ஜனவரி மாதக் கூட்டத்தில் நானே ஒரு தீர்மானம் கொண்டுவந்தேன். அறை மாநகராட்சிக்குச் சொந்தமானது. ஆகவே அங்கே என்ன நடக்கிறது என்று மாநகராட்சியைக் கேட்கும் உரிமை குடிமக்களுக்கு உண்டு என்று வாதாடினேன். ஒருவர் மட்டும் எதிர்த்தார். அவர் பேருந்து ஓட்டுநர். "வண்டி ஓட்டுறவன் முதுகுக்குப் பின்னாடி நின்னுக்கிட்டு எப்போ போய்ச் சேருவோம்னு கேட்டா, அவனால ஓட்ட முடியாதுங்க" என்றார். எங்களுக்கு அவசரம். அவரை உட்காரச் சொல்லிவிட்டோம்.

6. பார்வை ஒன்றில் கண்ட மனு அப்படித்தான் தங்கள் அலுவலகத்துக்கு வந்தது. ஆறு கேள்விகள். மேற்படி அறையில் இசைப்பணி ஏதும் நடைபெறுகிறதா? நடைபெறுமாயின் வாரத்துக்கு எத்தனை மணி நேரம்? பணியின் தற்போதைய நிலை என்ன? அறை எந்தப் பயன்பாட்டுக்கு ஒதுக்கப்பட்டது? தற்போது அறை பயன்பாட்டில் உள்ளதா? பணி எப்போது முடிவடையும்? என் வாழ்நாளில் நான் எழுதிய மிகத் திறமையான கடிதம் இது என்று அன்று நினைத்துக்கொண்டேன்.

7. தங்கள் தகவல் அலுவலர் கடமை தவறாதவர். நேரில் பார்க்காமல் பதில் எழுதக்கூடாது என்று தீத்தடுப்பு ஆய்வாளரைப் பிப்ரவரி 11 அன்று அறைக்கு அனுப்பியிருக்கிறார். பதில் வந்த அன்று மாலையே என் கடையில் கூடினோம். கணக்கு வாத்தியார் உரக்கப் படித்தார். மூன்றாம் கேள்விக்கான பதிலை இங்கே அப்படியே தருகிறேன்: 'சுவரில் உள்ள பலகையில் பதினொரு பாடல்களின் பெயர்கள் எழுதப்பட்டுள்ளன. ஒன்பது பெயர்களுக்கு எதிரே சரிக்குறி இடப்பட்டுள்ளது. இரண்டுக்கு எதிரே குறி ஏதுமில்லை.'

8. ஐயா, ஒன்பது! நர்ஸ் எழுந்து நின்று கைதட்டினார். சில நாட்களாக மேலே சத்தமே இல்லையே என்று கவலைப்பட்டிருந்த தையல்காரர் கண்களைத் துடைத்துக்கொண்டார். அரசு முத்திரையோடு வந்த ஒரு தாளை நான் நெஞ்சோடு அணைத்துக்கொண்டது அதுவே முதல் முறை. அந்த ஆரவாரத்தில் வாத்தியார் மீதியையும் படித்துக்கொண்டிருந்தார். நான்காம் பதில்: 'அறை சரக்கு வைக்கும் கிடங்காக மட்டுமே ஒதுக்கப்பட்டது.' ஐந்தாம் பதில்: 'விதிமீறல் கண்டறியப்பட்டதால் ஆய்வு நாளன்று முற்பகல் 11.20 மணிக்கு அறை முத்திரையிடப்பட்டது. ஆய்வின்போது ஒரு பாடல் இசைக்கப்பட்டுக்கொண்டிருந்தது. அது முடியும்வரை காத்திருந்து முத்திரையிடப்பட்டது.'

9. கைதட்டிய கைகள் அப்படியே நின்றுவிட்டன.

10. ஆய்வாளர் மீது எங்களுக்குத் துளியும் குறை இல்லை. பாட்டு முடியும்வரை ஓரமாக நின்றவர் அவர். பதினான்கு ஆண்டுகளில் புதிய பாடலை முழுதாகக் கேட்ட ஒரே வெளியாளும் அவர்தான். எங்கள் பொறாமையை மறைப்பதற்கில்லை. மூன்று பேர் அவரைத் தேடிப்போய் எப்படி இருந்தது என்று கேட்டோம். "நல்லா இருந்துச்சுங்க. இன்னொரு தடவை வாசிக்கச் சொல்லிக்கூட கேட்டேன். ஆனா என்ன பண்றது, பூட்டுறதுக்குத்தானே போனேன்" என்றார். மெட்டைக் கொஞ்சம் முணுமுணுத்தும் காட்டினார். அன்னாருக்குச் சங்கீதம் வராது. பாட்டு வேகமானதா மெதுவானதா என்பதுகூட எங்களுக்கு விளங்கவில்லை.

11. குழுவின் இசைக்கருவிகளும், ஒன்பது பாடல்களும் பதிவான கணினியும் இப்போது அந்தப் பூட்டுக்குப் பின்னால் இருக்கின்றன. பயன்பாட்டு மாற்றத்துக்குக் குழுவினர் முறைப்படி விண்ணப்பித்துவிட்டார்கள். தொண்ணூறு நாட்கள் ஆகும் என்று சொல்லப்பட்டிருக்கிறது. காத்திருப்பதில் எங்களுக்கு நல்ல பயிற்சி உண்டு. இன்னொரு தொண்ணூறு நாட்கள் எங்களை ஒன்றும் செய்துவிடாது. காத்திருக்க முடியாதது வேறொன்று இருக்கிறது. அதை எழுத எனக்கு யாரும் அனுமதி தரவில்லை. ஆயினும் எழுதாமல் இருந்தால் இம்மனுவுக்கே பொருள் இல்லை. தாங்கள் இதைத் தங்களோடு வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

12. தங்கள் பதில் வந்ததற்கு அடுத்த சனிக்கிழமை, பாடல் வரிகளைப் படிப்பதற்காகச் செய்யக் கொடுத்திருந்த கண்ணாடியை வாங்க அக்கா என் கடைக்கு வந்தார். ஏப்ரல் 18 அன்று அவருக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை. "பேச்சு திரும்பிடும்னு டாக்டர் சொல்லிட்டார். பாட்டு பத்திக் கேட்டா பேச்சை மாத்துறார்" என்று சொல்லி அவரே சிரித்தார். மீதமுள்ள இரண்டு பாடல்களுக்கும் வாத்திய இசை முடிந்துவிட்டதாம். அந்த நாற்பத்தொரு தடவை அதற்குத்தான். அக்கா பாடவேண்டியது மட்டும் பாக்கி. முதல் முறை பாடிக் காட்டியபோதே ஆமை தலையாட்டிவிட்டார் என்றும், முப்பத்தாறு ஆண்டுகளில் அப்படி நடந்ததே இல்லை என்றும் சொன்னார். அந்தப் பெருமை அவர் முகத்தில் அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது.

13. பிறகு அவர் சொன்னார்: "யாருக்கு நாங்க என்ன கெடுதல் பண்ணினோம்னுதான் தெரியலம்மா. யாரோ ஆகாதவங்க எழுதிப் போட்டிருக்காங்க. நீ கொஞ்சம் விசாரிச்சுப் பாரேன், உனக்கு நாலு பேரைத் தெரியும்." சரி அக்கா என்றேன். ஏற்கெனவே சரியாகப் பொருந்தியிருந்த கண்ணாடியின் மூக்குப்பிடியை இரண்டு முறை திருகி, இரண்டு முறை சரிசெய்து கொடுத்தேன்.

14. பொருள் வரியில் கண்ட புகார் இதுதான். அக்கா கேட்டுக்கொண்டபடி விசாரித்துவிட்டேன். ஆய்வாளர் அந்த அறைக்குப் போகக் காரணம் தகவல் அலுவலர். தகவல் அலுவலர் அனுப்பக் காரணம் மன்றத்தின் மனு. மனுவை யோசித்ததும், எழுதியதும், எதிர்த்தவரை உட்காரவைத்ததும், கையொப்பமிட்டதும் நான். கெடுக்கவேண்டும் என்று செய்யவில்லை. அன்பினால் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளவும் வெட்கமாக இருக்கிறது. பொறுமை இல்லாமல் செய்தேன். விதிகளில் இதற்குத் தண்டனை உண்டானால் அது எனக்கு வரட்டும், அந்த அறைக்கு வேண்டாம்.

15. ஆய்வறிக்கையில் குறிப்பிட்ட குறைகளுள் எங்களால் முடிந்தவற்றை ஏற்கெனவே சரிசெய்துவிட்டோம். பின்பக்க இரும்புப் படிக்கட்டில் காணாமல் போயிருந்த இரண்டு படிகளை, வளாகக் கண்காணிப்பாளரின் எழுத்துமூல அனுமதியோடு எங்கள் வெல்டர் பொருத்தினார். கணக்கு வாத்தியார் ஏறி இறங்கிச் சோதித்தார். அவர் எடைக்கு நின்ற படி எவர் எடைக்கும் நிற்கும். தீயணைப்புக் கருவிகள் மூன்று கண்காணிப்பாளரின் அறையில் தயாராக உள்ளன. அவற்றை இயக்கத் தெரிந்தவர்கள் எங்களில் பதினாறு பேர். "கமிஷனர் நினைச்சா ஒரு கையெழுத்துல முடியுமுங்க, தற்காலிக அனுமதின்னு ஒண்ணு இருக்கு" என்று கண்காணிப்பாளர்தான் வழி சொன்னார். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் எங்களுக்கு மூன்று நாளாகச் சாப்பாடு இறங்குகிறது.

16. ஆகவே பணிந்து வேண்டுவது:

அ) 27ஆம் எண் அறையின் முத்திரையை அகற்றி, இம்மாதம் 16ஆம் தேதியிலிருந்து முப்பது நாட்களுக்குத் தற்காலிக அனுமதி வழங்கி உத்தரவிட வேண்டும். கணக்கிட்டுப் பார்த்தால் அக்காவுக்கு இரண்டு பாடல்களும் பாடி முடித்து, மூன்று நாள் ஓய்வும் கிடைக்கும்.

ஆ) அந்த முப்பது நாட்களும் எங்கள் மன்ற உறுப்பினர் எவரும் வளாகத்தின் வாசலிலோ, படிக்கட்டிலோ, அறைச் சன்னலுக்குக் கீழோ நிற்கக்கூடாது என்று அதே உத்தரவில் தடை விதிக்க வேண்டும். இதை நாங்களே கேட்கிறோம். தையல்காரர் மட்டும் விதிவிலக்கு. அவருக்கு அங்கே பிழைப்பு. அவர் காதில் பஞ்சு வைத்துக்கொள்வதாக வாக்குக் கொடுத்திருக்கிறார். நான் அதை முழுதாக நம்பவில்லை. என் கடையில் என் நாற்காலி அந்தச் சன்னலைப் பார்த்துக் கிடந்தது. நேற்றே அதைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டேன்.

இ) எங்கள் ஆறாம் கேள்வியைத் திரும்பப் பெற்றுக்கொள்ள அனுமதிக்க வேண்டும். பணி எப்போது முடிவடையும் என்பதற்குத் தங்கள் அலுவலர் 'இது எங்கள் வரம்புக்கு உட்பட்டதல்ல' என்று எழுதியிருந்தார். எங்கள் வரம்புக்கும் உட்பட்டதல்ல என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறோம். இனிக் குழுவினரிடமோ பிறரிடமோ அக்கேள்வியைக் கேட்பதில்லை என்று இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் கையொப்பமிட்ட உறுதிமொழி இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. கணக்கு வாத்தியார் இரண்டு நாள் யோசித்துத்தான் போட்டார். ஆனாலும் போட்டுவிட்டார்.

17. ஐயா, அந்தக் குரலை எனக்கு மிகவும் பிடிக்கும். இதற்குமேல் இதை அலுவல் மொழியில் எழுத எனக்குத் தெரியவில்லை. அது இன்னும் இரண்டு பாடல்களைப் பாடவேண்டும். பாடும் என்றே நம்புகிறேன். பாட்டு முடியும்வரை காத்திருந்த ஆய்வாளர் ஒருவர் இருக்கும் அலுவலகத்தில் இம்மனுவைப் பொறுமையாகப் படிப்பவர் ஒருவரும் இருப்பார் என்ற நம்பிக்கையோடுதான் இத்தனை பக்கம் எழுதினேன். தாங்கள் 16ஆம் தேதிக்குள் ஒரு கையொப்பம் இட்டு உதவ வேண்டுகிறேன்.

நாள்: மார்ச் 9
இடம்: வணிக வளாகத்துக்கு எதிரே

தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,
(ஒப்பம்)
செயலாளர்

இணைப்பு:
1. தகவல் அலுவலரின் பதில் – நகல்.
2. படிக்கட்டுப் பணிக்கான கண்காணிப்பாளரின் அனுமதிக் கடிதம் – நகல்.
3. உறுப்பினர்களின் உறுதிமொழி – அசல்.

நகல்:
'கடைசிப் பேருந்து' குழுவினர் நால்வருக்கும் – தங்களிடம் இம்மனுவை அளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பாக, அக்காவின் வீட்டில், நேரில், என் கையால்.