உன் எடைக்கு வைத்த உயரம்

அம்மா,

இதை எழுதும்போதும் என் விரல்களில் கிரீஸ் வாசனை இருக்கிறது. சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவியும் போகவில்லை. நீ சோறு பிசைந்து ஊட்டும்போது, குழம்பு வாசனைக்கு அடியில் எங்கோ இதே வாசனை இருக்கும். அது உன் கையின் வாசனை என்றுதான் சிறுவயதில் நினைத்திருந்தேன். இன்று கையை மூக்கருகே வைத்துக்கொண்டு வெகுநேரம் வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன்.

இன்று உன் காரின் முன்பக்க உயரத்தை மாற்றிவிட்டோம். உன்னைக் கேட்காமல் அந்தக் காரில் நடந்த முதல் வேலை இது. அதனால்தான் உனக்கு எழுதுகிறேன்.

அம்பாசிடரின் பெட்ரோல் இன்ஜின் புகை கக்கி நின்றுபோனபோது, காலடிப்பேட்டைப் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிப்போகும் உன் ட்ரிப் அத்தோடு முடிந்தது என்று தெருவே பேசியது. நீ எங்கேயோ தேடி ஒரு பழைய டீசல் இன்ஜினைப் பிடித்துவந்து, பாஷா அண்ணனின் ஷெட்டில் இறக்கி, மாட்டச் சொன்னாய். வண்டி ஓடியது. ஆனால் இந்த இன்ஜின் பழையதைவிட நல்ல கனம். காரின் மூக்கு தரையைப் பார்த்துத் தொங்கியது. வேகத்தடைகளில் எல்லாம் அடிப்பாகம் உரசியது. எதிர்வீட்டு அத்தை கேட்டில் சாய்ந்துகொண்டு கேட்டாள்.

"இன்னாடி, உன் வண்டி கீழ எத்தையோ தேடிகினே போவுது?"

"ஆமா, நீ தொலைச்ச மூக்குத்திய. கெடைச்சா எனுக்கு பாதி, சொல்லிட்டேன்."

அந்தக் காரின் முன்சக்கரங்களைச் சுருள் கம்பி தாங்குவதில்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. பக்கத்துக்கு ஒன்றாக, அடியில் நீளவாக்கில் கிடக்கும் தடித்த இரும்புக் கம்பிகள்தான் தாங்குகின்றன. கார் அழுந்தும்போது கம்பி முறுக்கிக்கொள்ளும். முறுக்கிக்கொண்டே காரைத் தூக்கியும் பிடிக்கும். அதன் முனையில் பற்கள் இருக்கின்றன. கழற்றி, ஒரு பல் தள்ளி மாட்டினால் அந்தப் பக்கம் உயரும். எதிர்ப்பக்கம் தள்ளினால் இறங்கும்.

பாஷா அண்ணன் இரண்டு பக்கமும் பல் தள்ளி மாட்டினார். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே விரல்விட்டு அளந்து பார்த்துவிட்டு, "ஜம்முனு கீது யக்கா" என்றார். நீ ஏறி உட்கார்ந்தாய். டிரைவர் பக்கம் அப்படியே கீழே போனது. ஷெட்டில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். உன் சிரிப்புதான் எல்லாவற்றிலும் பெரிது.

"டேய் பாஷா, காலி வண்டியையா நான் தள்ளிகினு போவப்போறேன்? என்னிய ஒக்கார வெச்சி அளவெடு. தையக்காரன் ஆள வுட்டுட்டு ஹேங்கர்லயா அளவெடுப்பான்?"

"எல்லா வண்டிக்கும் காலியாத்தான் யக்கா வெப்போம்."

"எல்லா வண்டிலயும் நானா ஒக்கார்றேன்?"

ஜாக்கி ஏற்றும்போது "எறங்கு யக்கா", இறக்கிய பிறகு "ஏறு யக்கா" என்று அன்று பிற்பகல் முழுதும் போனது. நீ மடியில் வேர்க்கடலைப் பொட்டலத்தை வைத்துக்கொண்டு ஸ்டீரிங்குக்குப் பின்னால் மகாராணி மாதிரி உட்கார்ந்திருந்தாய். "கல்லக்கா துன்றத நிறுத்து யக்கா, அளவு மாறிகினே கீது" என்று அவர் சக்கரத்தருகிலிருந்து கத்தினார். நான் நூலகப் புத்தகம் ஒன்றைப் பிரித்து வைத்துக்கொண்டு மூலையில் இருந்தேன். ஒரு பக்கம்கூடப் படிக்கவில்லை.

கடைசியில் நீ உள்ளே இருக்கும்போது கார் நேராக நின்றது. நீ இறங்கிவிட்டால் வலப்பக்கம் ஒரு விரல் அளவு உயர்ந்து நிற்கும். தினமும் காலையில் நீ ஏறியதும் அது மெல்ல இறங்கி நேராவதைப் பார்த்த பிறகுதான் நான் ஏறுவேன். யாரிடமும் சொன்னதில்லை. எனக்கு அது பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

பிறகு உனக்குச் சாப்பாடு இறங்காமல் போனது. ரவிக்கைகளை நீயே ஊசி நூல் எடுத்துப் பிடித்துத் தைத்துக்கொண்டாய். துறைமுகத்தில் ஷிப்ட் முடிந்து வரும் அப்பா உன் முகத்தைப் பார்ப்பதற்கு முன் உன் தட்டைப் பார்ப்பார். ஆஸ்பத்திரியில் எடை பார்த்துவிட்டு வந்தாலும் என்ன எடை என்று நீ சொல்லமாட்டாய். ஆனால் எனக்குத் தெரிந்துகொண்டே வந்தது. நீ ஏறி உட்கார்ந்த பிறகும் காரின் வலப்பக்கம் முன்போல இறங்கவில்லை. ஷூ லேஸ் கட்டுவதுபோல் குனிந்து, சக்கரத்துக்கு மேலே விரல்விட்டுப் பார்ப்பேன். இடைவெளி கூடிக்கொண்டே போனது. ஒரு நாள் கண்ணாடியில் நீ என்னைப் பார்த்துவிட்டாய்.

"இன்னா பாப்பா, டயர்ல இன்னா ஆராய்ச்சி?"

"ஒண்ணுமில்லம்மா. கல்லு மாட்டிருக்கான்னு பாத்தேன்."

"கல்லுதானே? ஏறு, டைம் ஆவுது."

உனக்கும் தெரிந்திருந்தது என்று அந்தக் குரலிலேயே புரிந்துகொண்டேன்.

பிரேக் பார்க்க வந்த பாஷா அண்ணனுக்கும் பார்த்தவுடன் புரிந்துவிட்டது. வண்டியைச் சுற்றி வந்தார். தரையைப் பார்த்துக்கொண்டே, "யக்கா, லெப்டுல இழுக்குமே. வலது பக்கம் ஒரு பல்லு எறக்கிறட்டா?" என்று கேட்டார்.

நீ பானெட்டில் கையை ஊன்றிக்கொண்டாய்.

"எறக்குவ. கிறிஸ்மஸுக்குள்ள நான் பழையபடி ஆயிருவேன். அப்பால மறுபடியும் ஏத்துவியா? இன்னொரு வாட்டி என்னால ஏறி எறங்கிகினு இருக்க முடியாது. வுடு, அப்டியே இருக்கட்டும்."

நீ ஒரு சொல் சொன்னால் இரண்டு சொல் திருப்பிச் சொல்லும் மனிதர், அன்று துணியில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அதன் பிறகும் நீ ஓட்டினாய். ஸ்டீரிங்கை இரண்டு கையாலும் வலப்பக்கம் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கன்டெய்னர் லாரிக்காரர்களைத் திட்டுவதற்கு மட்டும் மூச்சைச் சேர்த்து வைத்துக்கொண்டு ஓட்டினாய். ஒரு காலையில் கதவைத் திறந்தவள் ஏறாமல், கதவைப் பிடித்தபடியே நின்றுவிட்டாய். கிறிஸ்மஸுக்கு நட்சத்திரம் கட்டும் முன்பே உன்னைக் காசிமேட்டுக் கல்லறைக்குக் கொண்டுபோனோம்.

கார் தார்ப்பாய்க்குள் கிடந்தது. உன் ட்ரிப் பிள்ளைகள் ஆட்டோவில் நெருக்கிக்கொண்டு போனார்கள். "கார் ஆன்ட்டி வண்டியே எங்களுக்குப் போதும்" என்று அவர்களுடைய அம்மாக்கள் வந்து கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அப்பா ஷிப்டை மாற்றிக்கொண்டு, திங்கட்கிழமையிலிருந்து தானே ஓட்டுவதாகச் சொன்னார். நேற்று என்னை உட்காரவைத்து விம்கோ நகர் வரை ஓட்டிப் பார்த்தார். நெடுஞ்சாலையில் இடப்பக்கம் ஒரு கன்டெய்னர் லாரி நின்றிருந்தது. கார் தானாகவே அதன் பக்கம் போனது. அப்பா கடைசி நேரத்தில் ஒடித்தார். ஓரம் கட்டி நிறுத்தியபோது அவர் சட்டை நனைந்திருந்தது.

"இத்த வெச்சிகினு எப்டித்தான் ஓட்னாளோ" என்று ஸ்டீரிங்கைப் பார்த்துச் சொன்னார்.

இன்று பாஷா அண்ணன் வந்தார். வலப்பக்கம் இறக்கியாக வேண்டும் என்றார். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை.

"வாணாம் பாஷா. நான் பழகிக்கிறேன். அது அவ ஒக்காந்து வெச்ச அளவு."

பாஷா அண்ணன் என்னைப் பார்த்தார். எனக்கு அந்த லாரியின் சக்கரம் நினைவுக்கு வந்தது. நம் ட்ரிப்பில் வரும் யூகேஜி குட்டி நிஷா எப்போதும் இடப்பக்கக் கதவில் சாய்ந்துதான் தூங்குவாள்.

"எறக்கிடுங்கண்ணே" என்றேன்.

நீ இனிமேல் பழையபடி ஆகமாட்டாய் என்பதை டாக்டர் உன்னிடம் சொல்லவில்லை. அப்பா சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. இன்றுதான் முதன்முதலாக ஒருவர் அதைச் சொன்னதுபோல் இருந்தது. சொன்னது நான். அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை. ஆனால் மறுக்கவும் இல்லை.

கழற்றிய கம்பியின் பற்களை நான்தான் துடைத்து கிரீஸ் தடவிக் கொடுத்தேன். ஒரு பல் இறக்கி மாட்டிய பிறகு, "அண்ணாத்தே, ஏறி ஒக்காரு" என்றார் பாஷா அண்ணன். அப்பா இடப்பக்கக் கதவைத் திறந்தார். பிறகு மூடிவிட்டு, காரைச் சுற்றி வந்தார். உன் சீட்டின் நுனியில் உட்கார்ந்தார்.

"நல்லா சாஞ்சி ஒக்காரு அண்ணாத்தே. முழு வெயிட்டும் வர்ணும்."

சீட்டில் நீ அழுந்திய பள்ளம் இருக்கிறதே, அதற்குள் அப்பா மெல்லச் சாய்ந்தார். சற்று நேரத்தில் கார் லேசாக நடுங்கியது. சக்கரத்தருகே குந்தி விரல்விட்டுப் பார்த்துக்கொண்டிருந்த பாஷா அண்ணன், "ஆடாத அண்ணா..." என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார். கையை எடுக்காமல் அப்படியே காத்திருந்தார். நடுக்கம் அடங்கிய பிறகுதான் அளந்தார். இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்தது.

மாலையில் அப்பாவும் நானும் எண்ணூர் சாலையில் போய்வந்தோம். ஸ்டீரிங் இழுக்கவில்லை. லாரிகளைத் தாண்டும்போதும் அப்பா ஒற்றைக் கையில் பிடித்திருந்தார். பாதி வழியில் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"இன்னா பாப்பா, இப்டி சாஞ்சிகினு ஒக்காந்துகினு கீற? வண்டிதான் நேராயிடுச்சே."

அப்போதுதான் தெரிந்தது. நீ ஓட்டிய அந்தக் கடைசி மாதங்களில் கார் சாய்ந்த பக்கத்துக்கு எதிராக, உன் பக்கமாகவே நான் உடம்பை வைத்துப் பழகியிருக்கிறேன். நிமிர்ந்து உட்கார்ந்தேன். அடுத்த திருப்பத்திலேயே உடம்பு மறுபடியும் வலப்பக்கம் போய், என் தோள் அப்பாவின் தோளில் இடித்தது. அவர் தோளை நகர்த்திக்கொள்ளவில்லை.