இரவல் மூக்கு

தோஸ்த்,

இன்று மத்தியானம் டிவியில் ஒரு அம்மா குக்கர் மூடியைத் திறந்தார். ஆவி குபுகுபுவென்று வந்தது. முகத்தை அதற்குள் நீட்டி, கண்ணை மூடி, சாமி வந்தவர் மாதிரி தலையை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டு நம்மைப் பார்த்துக் கேட்டார், "வாசனை உங்க வீடு வரைக்கும் வருதா?" என் வாய் தானாக "வரல" என்றது. அது என் பதில் இல்லை, உன் பதில். சொல்லிவிட்டுப் பக்கத்து நாற்காலியைப் பார்த்தேன். நீ உட்கார்ந்து உட்கார்ந்து ஒயர் தொங்கிப்போன அதே நாற்காலி. மருமகள் அதில் துவைத்த துணியைக் குவித்து வைத்திருக்கிறாள்.

எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. எட்டாவதில் வாத்தியார் என்னை வகுப்புக்கு வெளியே நிற்கச் சொன்னார், நான் அப்படியே வீட்டுக்கு வந்துவிட்டேன், திரும்பப் போகவில்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள். நீயும் ஒன்றும் காலேஜ் பார்த்தவன் இல்லை.

உன் மூக்கு எப்போது போனது என்று உனக்கே தெரியாது. நீ டேனரியில் சுண்ணாம்புத் தொட்டிப் பக்கம், பச்சைத் தோலை ஊறப்போட்டு மயிர் கழற்றுகிற இடம். நான் ஷூ கம்பெனியில் பேக்கிங், பளபளவென்று வந்த ஷூவைப் பெட்டியில் படுக்க வைக்கிறவன். அதனால் என் மூக்கு பிழைத்தது. வேறு ஊராக இருந்தால் உன் சங்கதி சீக்கிரம் வெளியே தெரிந்திருக்கும். நம் ஊருக்குள் பஸ் நுழையும்போதே வெளியூர்க்காரன் கைக்குட்டையைத் தேடுவான். ஆம்பூரில் பிறந்தவனுக்கு அது வெறும் காற்று. ஊரே மூக்கைப் பொத்தாமல் நடக்கிறபோது உன் மூக்கு வேலை செய்கிறதா இல்லையா என்று யார் பார்க்கப் போகிறார்கள்?

காட்டிக் கொடுத்தது உன் வீட்டு வழக்கம்தான். அண்ணி விரிஞ்சிபுரத்திலிருந்து உனக்கு வாக்கப்பட்டு வந்த புதிதில் நீ ஒரு வித்தை காட்ட ஆரம்பித்தாய். வேலை முடிந்து வரும்போது தெருமுனையிலேயே மூக்கைத் தூக்கி, வாசலுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அன்றைய குழம்பின் பெயரைச் சத்தமாகச் சொல்வாய். உள்ளேயிருந்து அண்ணி, "மூக்கா அது, போலீஸ் நாயா?" என்பார். குரலில் பெருமை தாங்காது. தெருவில் எல்லாருக்கும் அது சாயங்கால மணி மாதிரி.

ஒரு நாள் கருவாடு என்று சொன்னாய். அடுப்பில் பாயசம் கொதித்துக்கொண்டிருந்தது. நீ விளையாடுகிறாய் என்று அண்ணி சிரித்துவிட்டார். மறுநாள் தெருமுனை அடிபம்புக்குப் பக்கத்தில் சைக்கிளை நிறுத்தினாய்.

"மூக்கு போச்சுடா. ஒண்ணும் தெரில. வேலூர் போயி காட்டிட்டேன். வராதுன்னுட்டாங்க."

"அதுக்கு இன்னா இப்போ? அண்ணிகிட்ட சொல்லிடு."

நீ பம்பை ரெண்டு அடி அடித்து முகத்தைக் கழுவினாய். "அந்த ஒரு வார்த்தைக்கோசரம்தான்டா அவ சாயங்காலம் அடுப்பு பத்த வெக்கிறா. அத எப்டி புடுங்கறது?"

அன்றைக்கு என் மூக்கை உனக்கு இரவல் கொடுத்தேன். தினமும் அடிபம்பு வந்ததும் நான் சைக்கிள் செயின் கழன்ற மாதிரி குனிவேன். காற்று உன் வீட்டுப் பக்கமிருந்து வரும்வரை செயினைத் தடவிக்கொண்டிருப்பேன். பிறகு உன் காதில் சொல்வேன். மொச்சைக்கொட்டை கருவாடு. கீரைக் கடைசல். நேற்றைய மீன் குழம்பைச் சூடு பண்ணியது. நீ போய் வாசலில் நின்று உன் சொந்தச் சரக்கு மாதிரி சொல்வாய்.

என் புத்தி உனக்குத் தெரியும், சும்மா இருக்காது. ஒரு புரட்டாசி சனிக்கிழமை, தெருவே சாம்பாரும் வடையுமாகக் கிடந்த நேரத்தில், "தலைக்கறி" என்றேன். நீ நம்பிப் போய் வாசலில் தலைக்கறி என்று கத்தினாய். அண்ணி கரண்டியோடு வெளியே வந்தார். எதிர்வீட்டுப் பெரியம்மா ஜன்னலைச் சாத்தினார். மறுநாள் என் சைக்கிளில் நீ காற்றைப் பிடுங்கி விட்டிருந்தாய். இப்போது நினைத்தாலும் சிரிப்புதான் வருகிறது. அப்புறம்தான் மற்றது வருகிறது.

ரெண்டு பேரும் ரிடையர் ஆன பிறகு என் தொழிலுக்குப் போட்டி வந்தது. அண்ணிக்கு மத்தியானத்தில் டிவி சமையல் பார்க்கிற பழக்கம் பிடித்துக்கொண்டது. மத்தியானம் பார்த்ததைச் சாயங்காலம் செய்துவிடுவார். குக்கருக்குள் உப்பைக் கொட்டி அதன்மேல் கிண்ணம் வைத்துக் கேக் சுட்டார். வெள்ளையாக ஒரு குழம்பு வைத்து அதில் குழாய் குழாயாக எதையோ போட்டார். நாம் கடைத்தெருவுக்குப் போய்த் திரும்பும்போது நான் பம்படியில் நின்று முகர்ந்து முகர்ந்து பார்ப்பேன். என் மூக்கு படித்ததெல்லாம் மிளகாயும் கருவாடும். "ஏதோ எரியுதுடா. ஆனா இனிப்பா எரியுது" என்றேன் ஒரு நாள். நீ மைசூர்பாகு என்று சொல்லி மாட்டிக்கொண்டாய். அது கேக்.

அதற்கு மருந்தும் டிவிதான் என்று கண்டுபிடித்தது நீ. அண்ணி என்ன பார்க்கிறாரோ அதையே நீயும் பார்த்துவிட்டால் சாயங்காலம் என்ன வேகும் என்று தெரிந்துவிடும். உன் வீட்டில் கூட உட்கார்ந்து பார்த்தால் குட்டு உடைந்துவிடும். என் மகனும் மருமகளும் கம்பெனிக்குப் போய்விடுவதால் மத்தியானம் என் வீடு காலி. சாப்பிட்டதும் வந்து இந்த ஒயர் நாற்காலியில் உட்காருவாய். ரெண்டு கிழவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு திருட்டுத்தனமாக அவியல் பார்த்தோம். வெளியில் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், வேறெதையோ பார்த்தோம் என்றுதான் சொல்வார்கள்.

எனக்கு அந்த அம்மாக்களைக் கிண்டல் பண்ணவே நேரம் சரியாக இருக்கும். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வெங்காயம் நறுக்குகிறார்களே, கண்ணில் தண்ணீரே வராதா? உப்புக்கு ஒரு கிண்ணம், மஞ்சளுக்கு ஒரு கிண்ணம், கடுகுக்கு ஒரு கிண்ணம், அதையெல்லாம் யார் கழுவுகிறார்கள்? நீ சிரிக்க மாட்டாய், திரையையே பார்த்துக்கொண்டிருப்பாய். அந்த அம்மா வாசனை வருதா என்று கேட்டால் மட்டும் "வரல" என்பாய். அப்படி என்னதான் பார்க்கிறாய் என்று ஒரு நாள் கேட்டேன்.

"இந்த பொட்டி முன்னாடிதான்டா நீயும் நானும் ஒண்ணு" என்றாய். "உனுக்கும் வாசன வராது. அதனாலதான் அந்தம்மா வாயால சொல்லுது. எனுக்கு யாரு சொல்றா?"

நான் அதற்கும் ஏதோ நக்கலாகச் சொன்னேன். என்னவென்று நினைவில்லை, நல்ல வேளை.

பிறகு அந்த டிவிக்காரர்களே ஆம்பூருக்கு வந்தார்கள். ஊர் ஊராகப் போய் சமையல் போட்டி நடத்துகிற நிகழ்ச்சி. பைபாஸ் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் ஏற்பாடு. ஆம்பூருக்கு வந்து வேறென்ன கேட்பார்கள், எல்லாரும் பிரியாணிதான் செய்ய வேண்டும். கடைசியில் ஒரு விளையாட்டு. வீட்டுக்காரர் கண்ணைக் கட்டி வரிசையாக வைத்த பானைகளுக்கு முன்னால் நடத்திக்கொண்டு போவார்கள். தொடக்கூடாது, தின்னக்கூடாது. வாசனையை வைத்தே தன் வீட்டுப் பானையைச் சொல்ல வேண்டும். கேட்டதும் அண்ணி பெயர் கொடுத்துவிட்டார். தெருவெல்லாம் சொல்லியும் வைத்துவிட்டார், எங்க வீட்டுக்காரர் மூக்கப் பத்தி டிவிக்காரங்களுக்குத் தெரியாது என்று.

உன் முகம் சுண்ணாம்பு மாதிரி ஆனது. நான்தான் தைரியம் சொன்னேன். நான் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பேன், அண்ணியின் பானைக்கு நேரே நீ வந்ததும் இருமுவேன், அவ்வளவுதானே. என் வீட்டில் டம்ளர்களை வரிசையாக வைத்து, உன் கண்ணைத் துண்டால் கட்டி ஒத்திகையும் பார்த்தோம். ஒரு தடவைகூடத் தப்பவில்லை.

மண்டபத்தில் முன்வரிசையில் இடம் பிடித்தேன். கை சும்மா இருந்தாலும் வாய் சும்மா இருக்காதே. ஆரம்பிக்கும் முன் தொண்டையைப் பதம் பார்க்க ரெண்டு தடவை இருமினேன். காதில் ஹெட்போன் மாட்டியிருந்த ஒரு பையன் ஓடி வந்தான்.

"பெரியவரே, உங்க இருமல் மைக்ல விழுது. கொஞ்சம் வெளிய இருங்க."

நான் இருமவே மாட்டேன் என்று சத்தியம் செய்தேன். அவன் கேட்கவில்லை, கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்க் கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டான். வெளியே அவர்கள் வேனுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன டிவி ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே நடப்பது அதில் தெரிந்தது. அதில்தான் உன்னைப் பார்த்தேன். கண் கட்டியிருந்தது. ஒவ்வொரு பானைக்கும் நின்று, குனிந்து, காதை ஒரு பக்கம் சாய்த்தாய். முகர்கிறாய் என்று மண்டபம் நினைத்தது. நீ என் இருமலுக்குக் காத்திருந்தாய். கடைசிப் பானை வரை போனாய். திரும்பி வந்தாய். மறுபடியும் போனாய். அய்யாவுக்கு எல்லாமே பிடித்துவிட்டது போல என்று தொகுப்பாளர் பெண் சொல்ல, கூட்டம் சிரித்தது. நான் கண்ணாடிக்கு வெளியே நின்று குடல் வெளியே வர இருமிக்கொண்டிருந்தேன்.

பிறகு நீ ஒரு பானையைக் காட்டி, "இது" என்றாய்.

திருப்பத்தூரிலிருந்து வந்த புதுப்பெண்ணின் பானை அது. அண்ணி, திறந்து வைத்திருந்த தன் பானையின் மேல் மூடியைத் தானே எடுத்து மூடினார்.

திரும்பும்போது ஆட்டோவில் நீங்கள் பின்னால், நான் டிரைவர் பக்கத்தில். வண்டி பாலாற்றுப் பாலம் ஏறியது. பிறகு அண்ணி கேட்டார், நீ சொல்லிவிட்டாய். மூக்கு போய் எத்தனையோ வருடம் என்று.

"அப்போ சாயங்காலம் சாயங்காலம் வாசல்ல சொன்னது?"

நீ விரலை நீட்டி என் முதுகைக் காட்டியிருக்க வேண்டும். திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

"அப்போ இத்தினி வருசமா நான் உங்களுக்கா சமைச்சேன்?" என்று என்னைக் கேட்டார்.

என் நாக்கு நுனியில் ஒரு நக்கல் வந்து நின்றது. என் ஆயுசில் நான் விழுங்கிய ஒரே நக்கல் அதுதான்.

அதற்குப் பிறகு உன் வீட்டில் டிவி சமையல் ஓடவில்லை. தினம் ரசம், தினம் ஒரு பொரியல். நீ வழக்கம்போல் மத்தியானம் என் வீட்டுக்கு வருவாய். இனிமேல் எதற்கு, யாரிடம் போய்ச் சொல்லப் போகிறாய் என்றேன். "அவ கோச்சிக்கினா பரவால்லடா" என்றாய். "உப்பு சரியான்னுகூட கேக்க மாட்டேன்றா."

அப்புறம் ஒரு நாள் நீ வரவில்லை, மறுநாளும் வரவில்லை. முருங்கைக்காய் கொடுக்கிற சாக்கில் உன் வீட்டுக்கு வந்து பார்த்தேன். சமையற்கட்டு வாசலில் நாற்காலி போட்டு, என் வீட்டில் டிவி பார்க்கிற மாதிரியே உட்கார்ந்திருந்தாய். அண்ணி உனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, விறைப்பான குரலில், "எண்ண ஊத்திட்டேன். கடுகு போட்டுட்டேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். டிவியில் அந்தம்மா சொல்கிற மாதிரி நீயும் வாயால் சொல்லேன் என்று நீதான் கேட்டாயாம். கேட்டதும் செய்யவில்லையாம். அழுகை எல்லாம் முடிந்து அன்றுதான் ஆரம்பித்திருக்கிறார்.

போகப் போகக் குரல் இளகியது. அடுத்த முறை நான் வந்தபோது வெந்தயம் வறுபட்டுக்கொண்டிருந்தது.

"செவக்குது. இப்போ கசப்பு போயி ஒரு வாசன வருது."

"எப்டி இருக்குது?"

அண்ணி கரண்டியை நிறுத்தி யோசித்தார். "வெயில்ல காஞ்ச துணிய மடிச்சா வருமே, அந்த சூடு. அதுல கொஞ்சம் வெல்லம் பட்ட மாதிரி."

நீ கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினாய். வாசலில் நின்ற என்னை ரெண்டு பேருமே பார்க்கவில்லை. முருங்கைக்காயைக் கீழே வைத்துவிட்டு வந்தேன். நான் இத்தனை வருடம் உனக்குச் சொன்னதெல்லாம் குழம்பின் பெயர் மட்டும்தான். வாசனை எப்படி இருக்கும் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. எனக்குச் சொல்லவும் தெரியாது.

அந்தச் சமையற்கட்டு வாசலில் நீ உட்கார்ந்தது கொஞ்ச நாள்தான். மழை பிடித்த ஒரு காலையில் பல் விளக்கப் போனவன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தாய். அவ்வளவுதான்.

எனக்கு ஒரு நினைப்பு ஓயவே மாட்டேன் என்கிறது. என் மூக்கு கொஞ்சம் மட்டமாக இருந்திருந்தால், அந்த அடிபம்பு நாளிலிருந்து ஒரு வாரத்திலேயே நீ மாட்டிக்கொண்டிருப்பாய். அண்ணி அப்போதும் அழுதிருப்பார், அப்போதும் முதுகைக் காட்டிக்கொண்டு எண்ண ஊத்திட்டேன் என்றிருப்பார். உனக்கு அந்த நாற்காலியில் எத்தனை சாயங்காலம் கிடைத்திருக்கும்! தோஸ்துக்கு உதவி செய்கிறோம் என்று குனிந்து குனிந்து செயினைத் தடவிக்கொண்டிருந்தேனே, கெட்டிக்காரன்.

இப்போதும் சாயங்காலம் கடைத்தெருவிலிருந்து திரும்பினால் கால் பம்படியில் நின்றுவிடுகிறது. சைக்கிள்கூடக் கிடையாது, செருப்பு வாரைச் சரி பண்ணுகிற மாதிரி குனிகிறேன். உன் வீட்டு ஜன்னலிலிருந்து அண்ணி குரல் கேட்கும். இன்னும் சொல்லிக்கொண்டுதான் சமைக்கிறார். பூண்டு போட்டேன், புளி கொதிக்குது, இப்போ வாசனை வருது பாருங்க. யாரும் பதில் சொல்வதில்லை. பதில் எனக்குத் தெரியும், என் மூக்கிலேயே இருக்கிறது. ஆனால் ஆட்டோவில் அவர் கேட்ட கேள்விக்குப் பிறகு அதை வாசலில் நின்று சொல்ல எனக்கு வாயில்லை. குழம்பின் பெயரைத் தினமும் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறேன். நேற்றையது எள்ளுத் துவையல். அதற்கு முன்தினம் மொச்சை.

இன்று வெந்தயக் குழம்பு, அப்பளமும் சுட்டிருக்கிறார். சத்தியமாகப் பொய்யில்லை, புரட்டாசியும் இல்லை. செருப்பைக் கழற்றாதே, நேராக வாசலுக்குப் போய்ச் சொல்.