நாளைக்கு டீச்சர் வருகிறார்

12 ஆகஸ்ட் 1964, புதன்

பரீட்சையில் 'ஃப்ளையிங் கலர்ஸ்' உடன் தேறுவது என்றால் என்ன என்று ஆங்கில டீச்சர் கேட்டார். "ஹோலியா, டீச்சர்?" என்றாள் கமலா. வகுப்பே சிரித்தது. நான் எழுந்து, "ஜெயித்த கப்பல் கொடிகளைப் பறக்கவிட்டுத் துறைமுகத்துக்கு வருமே, அந்த மாதிரி தேறுவது" என்றேன். எனக்கு எப்படித்தான் தைரியம் வந்ததோ!

"ஷாபாஷ், மகளே! நீ மெட்ரிக் முடிக்கணும். நாளைக்கு வீட்டுக்கு வந்து அப்பாகிட்ட பேசறேன்" என்றார் டீச்சர்.

அப்பாவோ இந்த வருடத்தோடு படிப்பு போதும் என்று சொல்லிவிட்டார். பயந்துகொண்டே அம்மாவிடம் சொன்னேன். "அவர்கிட்ட மூச்சு விடாதடி. வீடு தேடி வந்த டீச்சர்கிட்ட முடியாதுன்னு சொல்ல அவருக்கு வாய் வராது" என்றாள்.

அப்பா புரண்டு படுக்கிறார். எனக்குச் சிரிப்பு வருகிறது. விளக்கை அணைத்துவிடுகிறேன்.