இல்லை என்று சொல்லும் வேலை

இன்று அலுவலக அலமாரியைத் துப்புரவாக்கும்போது உன் சாம்பல்நிற சுவெட்டர் அகப்பட்டது. அதில் இன்னும் கராம்பு வாசம். மாத்தளை டவுனில் உன் வாப்பாவின் வாசனைச் சரக்குக் கடைக்கு மேலேதானே உங்கள் வீடு. உன் உடுப்பெல்லாம் அப்படித்தான் மணக்கும்.

நாம் இருவரும் ஒரே நாளில் இந்த லீசிங் கம்பனியில் சேர்ந்தோம். கடன் விண்ணப்பங்களைப் பார்ப்பது நம் வேலை. ஞாயிற்றுக்கிழமையும் டார்கெட் கேட்டு போனில் செய்தி வரும். எனக்கு வேலை வெறுத்துப்போயிருந்த நேரத்தில்தான் விண்ணப்பத்தைப் பார்த்துத் தானே முடிவு சொல்லும் அந்த ஏ.ஐ. வந்தது.

"இனி கொஞ்சம் மூச்சு விடலாம்டி," என்று நீ சந்தோஷப்பட்டாய்.

"நம்மள வீட்டுக்கு அனுப்பத்தான் வந்திருக்கு," என்றேன். அதற்கே ஒரு வாரம் பேசாமல் இருந்தோம்.

அந்த வாரத்தில்தான் எல்கடுவையிலிருந்து அந்த அக்கா வந்தார். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். தையல் மெஷின் வாங்கக் கடன் கேட்டார். முகவரி முழுமையில்லை என்று கம்ப்யூட்டர் தள்ளிவிட்டது. நீயும் அப்படியே சொல்லி அனுப்பினாய். அவர் படியிறங்கிப் போனார். என்னால் பொறுக்க முடியவில்லை.

"தோட்டத்து லயத்துல எந்த வீட்டுக்குடி நம்பர் இருக்கு? நான் பொறந்த வீட்டுக்கே இல்ல!"

மறுநாள் அரைநாள் லீவு போட்டு, என்னையும் கூட்டிக்கொண்டு எல்கடுவைக்கு பஸ் ஏறினாய். அந்த அக்காவின் வாசலில் நின்று, "ஒங்களுக்குக் காயிதம் எப்படி வரும்?" என்று கேட்டாய்.

"தோட்டத்து ஆபீசுக்கு வரும் மிஸ். பேரு சொல்லிக் கூப்பிடுவாங்க."

"நேத்தே இத நான் கேட்டிருக்கணும். மன்னிச்சுக்கங்க," என்றாய். அவர் கூச்சப்பட்டு, தேத்தண்ணி வைக்க உள்ளே ஓடிவிட்டார்.

திரும்பி வந்ததும் நேரே மெனேஜரிடம் போனாய்.

"கம்ப்யூட்டர் நல்லதுதான் சேர். ஆனா அது வேணாம்னு தள்ளுற ஆளோட நாங்க ஒருக்கா பேசிட்டு முடிவு சொல்றோம்."

"இருக்கிற வேலையே முடியல. அத யாரு செய்யிறது?"

நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். "நான் செய்றேன் சேர்," என்றேன். மெனேஜர் சரியென்றார்; தோட்டத்து ஆபீஸ் முகவரியோடு அந்த அக்காவின் கடனும் பாஸானது. நான் அப்படிச் சொன்னபோது என் கைப்பையில் ராஜினாமாக் கடிதம் இருந்தது. அதைக் கொடுக்காமலே விட்டேன். அது உனக்குத் தெரியாது. சொல்ல நினைத்து நினைத்துத் தள்ளிப்போட்டேன். பிறகு உனக்கு நோய் வந்தது. மூன்று மாதத்தில் போய்விட்டாய். கடைசியாக ஆஸ்பத்திரியில் பார்த்தபோதுகூட, "அந்த அக்கா தைக்கிறாங்களாடி?" என்றுதான் கேட்டாய். தைக்கிறார். பக்கத்து லயத்துப் பிள்ளைகளின் ஸ்கூல் சட்டையெல்லாம் அவர் கைவேலைதான்.

வேலை குறையவில்லை. ஞாயிற்றுக்கிழமைச் செய்தியும் நிற்கவில்லை. ஆனாலும் காலையில் பஸ் ஏறும்போது முன்பிருந்த கசப்பு இல்லை. இன்று கம்ப்யூட்டர் நாலு பேரைத் தள்ளியது. நாலு பேருக்கும் போன் செய்தேன். மூன்று பேருடையதைச் சரிசெய்ய முடிந்தது. வில்கமுவையைச் சேர்ந்த ஒருவருக்கு மட்டும் வழியே இல்லை. காரணத்தை நானே விளக்கிச் சொன்னேன். அவராக வைக்கும்வரை நான் போனை வைக்கவில்லை.