இரும்பு நாரையின் இறக்கை

செஜ்னான்,
வியாழக்கிழமை

அன்புள்ள மஹ்பூபாவுக்கு, தய்யிப் எழுதுவது. இறைவன் காவலில் நானும் ஆடுகளும் சுகம். துனிஸ் பட்டறையில் நீயும் சுகமாயிருக்க வேண்டுகிறேன்.

உன் கடிதம் வந்தது. நீ செய்த இரும்பு நாரையின் இறக்கை வெல்டிங் விட்டு விழுந்ததாகவும், பட்டறைக்காரர்கள் சிரித்ததாகவும், இரும்பு எனக்கு ஆகாது, ஊருக்கே திரும்பிவிடுகிறேன் என்றும் எழுதியிருக்கிறாய். உன் அக்கா ஸுஹூருக்கும் படித்துக் காட்டினேன். அவள் மாவு பிசைவதை நிறுத்தவே இல்லை.

"வரட்டும். ஆனா அந்த இறக்கையையும் தூக்கிட்டு வரச் சொல்லு. பாதியில விட்டுட்டு வந்தா வாசப்படி ஏத்த மாட்டேன்" என்றாள். சொல்லிவிட்டு, உனக்கு அனுப்ப ஒரு ஜாடி மிளகாய் விழுதும் எடுத்து வைத்தாள்.

நீ செய்த முதல் மண் காளை நெருப்பில் வெடித்தபோதும் மண் ஆகாது என்றுதான் அழுதாய். பிறகு மந்தை மந்தையாகக் காளைகள் செய்தாய். கம்பளிக்கு மாதுளைத் தோலில் சாயம் போட்ட காலத்தில் என் வெள்ளை மேலங்கியும் அந்த அண்டாவில் விழுந்தது. இரண்டு பெருநாளுக்கு மஞ்சள் மாப்பிள்ளையாகத்தான் தொழப் போனேன். தக்கைப் பட்டையைச் செதுக்கிய வருடம் கஞ்சியிலும் தக்கைதான் மிதந்தது. ஒன்று கைவந்த பிறகுதான் நீ அடுத்ததைத் தொட்டிருக்கிறாய். தோற்று ஓடி வந்து நான் பார்த்ததில்லை.

இரும்பு அப்படி என்னதான் செய்கிறது என்று பார்க்க, கொல்லர் ஸாலிமிடம் போய் அவர் வெல்டிங் கோலை வாங்கிப் பிடித்தேன். அவரிடம் பழுதுபார்க்க வந்திருந்த பக்கத்து வீட்டுக் கேட்டில் ஓட்டை விழுந்தது. ஒட்டியது என் செருப்பு மட்டும்தான். ஸாலிம் தரையில் உட்கார்ந்து சிரித்தார். "தய்யிப், உன் பொண்டாட்டி கைய நம்பு. உன் கைய நம்பாத" என்றார். நானும் சிரித்தேன். சிரித்தால் ஒன்றும் குறைந்துபோவதில்லை, மஹ்பூபா.

பழைய சுரங்கக் கோபுரத்தில் இந்த வருடத்து நாரைகள் வந்து இறங்கிவிட்டன. பேருந்து நிலைய வாசலில் உன் நாரை நிற்கப்போகும் இடத்தைச் சுத்தம் செய்து வைத்திருக்கிறார்கள். நாரை எப்போது வரும் என்று போகிறவர் வருகிறவரெல்லாம் என்னிடம்தான் கேட்கிறார்கள்.

என்னைப் பற்றிக் கவலைப்படாதே. நான் செய்யும் கூஸ்கூஸ் ரவை கட்டிகட்டியாக வருகிறது, தின்று பழகிவிட்டேன். கதவைத் தாழிடாமல் படுக்கவும் பழகிவிட்டேன்.

உன் கைகளை இறைவன் காக்கட்டும். இறக்கை ஒட்டிய பிறகு வா. ஒட்டிய அன்றே வா.

உன்,
தய்யிப்