அச்சில் தடவிய ஆயில்

செவ்வாய், இரவு.

கும்மிடிப்பூண்டியில் நாங்கள் வார்த்த கான்கிரீட் பலகைகள் காலையில் லாரியேறித் தூத்துக்குடிக்குக் கிளம்பிவிட்டன. அவற்றில் உயிருள்ள பவளத் துண்டுகளைக் கட்டிக் கடலுக்குள் வளர்க்கப் போகிறார்கள். அச்சில் ஆயில் தடவக் கூடாது, சோப்புத் தண்ணீர்தான் என்று ஆர்டரிலேயே இருந்தது. சரிபார்த்ததாகக் கையெழுத்துப் போட்டவள் நான்.

சாயந்திரம் அச்சு கழுவிக்கொண்டிருந்த முனியம்மாதான் சொன்னாள். "சோப்பு போட்டா பலகை அச்சுல ஒட்டிக்கினு வரமாட்டேங்குது மேடம். எப்பவும் போல பழைய இன்ஜின் ஆயில்தான் தடவுனோம்."

எல்லாவற்றுக்குமா என்று கேட்டேன்.

"ஆமா. இன்னா மேடம், தப்பா?"

"ஒன்னுமில்ல" என்றேன்.

அந்த ஆயில் தண்ணீரில் கசிந்தால் துண்டுகள் பிழைக்குமா? செத்தால் முதலில் என் கையெழுத்தைத்தான் பார்ப்பார்கள். முனியம்மாவையும் விடமாட்டார்கள்.

இப்போதுதான் லாரி டிரைவர் போன் செய்தார். "மதுரை தாண்டிட்டேன் மேடம். காலைல இறக்கிடலாம் இல்ல?"

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். "இறக்கிடுங்கண்ணே" என்று வந்தது.