ரூவான் போன பஸ்ஸும் நம் வீட்டு வாசலும்

ஒக்கலிபுரம், பெங்களூர்
12-5-1964

சிரஞ்சீவி கோமளத்துக்கு அம்மாவின் ஆசீர்வாதம். நானும் உன் அண்ணா சந்தானமும் சௌக்கியம், நீயும் அங்கே அப்படியே இருக்க வேண்டும். முதலில் ஒன்றைத் திருத்திவிடுகிறேன். நீ பிரான்சுக்குக் கிளம்பிய அன்று நான் கோபித்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்துவிட்டேன் என்று உன் ருக்மிணி அத்தை மல்லேஸ்வரம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறாள், சந்தானமும் மறுப்பதில்லை. அது தவறு. எனக்கு எந்தக் கோபமும் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அத்தை வந்து, நீ அவளுக்கு எழுதியதைக் கூடத்தில் உரக்கப் படித்தாள். எனக்கு நான்கு வரி, அவளுக்கு எட்டுப் பக்கம், இருக்கட்டும். உங்கள் மாணவர் கோஷ்டி ஒரு நாள் ரூவான் பட்டணம் போய்வந்ததை நன்றாகவே எழுதியிருக்கிறாய், ஒரே முள்ளுள்ள பெரிய கடிகாரம், மரச்சட்டம் போட்ட பழைய வீடுகள், ஜோன் என்ற பெண்ணை எரித்த சந்தை. அந்த ஜோன் கதையைக் கான்வென்டில் மதர் சொல்லக் கேட்டு எங்கள் வகுப்பே அழுதிருக்கிறது. ஆனால் அவ்வளவு பெரிய கதீட்ரலை ‘ரொம்ப உயரம்’ என்று இரண்டே சொல்லில் முடித்துவிட்டாயே, அது சோம்பல். அது போகட்டும். நீ தங்கியிருக்கும் வீட்டு மதாம் விடியற்காலையில் பஸ் வரை வந்து, ரொட்டி கட்டிக் கொடுத்து, உன்னை அணைத்து இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டு, பஸ் திரும்பும் வரை கையாட்டினாளாம். யுத்தத்தில் கணவரை இழந்தவள், எப்போதும் கறுப்பே உடுத்துபவள் என்றும் எழுதியிருந்தாய். அடுத்த வரியில், ‘எங்கம்மா வாசலுக்குக்கூட வரலை, அத்தை.’ ருக்மிணி மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, “கேட்டேளா மன்னி?” என்றாள். நான் காபி கலக்க எழுந்து போய்விட்டேன்.

இப்போது கேள். அன்று நீ படியிறங்கும்போது எதிர்வீட்டு லட்சுமம்மா நிறைகுடத்தோடு வந்தாளே, அவள் தற்செயலாக வரவில்லை. முதல் நாளே நான் போய்க் கேட்டுக்கொண்டது. “பெத்தவங்க நீங்க இருக்கறப்போ நான் எதுக்கு மாமி?” என்றுதான் அவளும் சொன்னாள். கடல் தாண்டிப் போகிற பெண்ணுக்கு எதிரே பொட்டில்லாத நெற்றியோடு நான் எப்படி நிற்பேன்? கான்வென்டில் படித்தவள் இதையெல்லாம் நம்பலாமா என்பாய். நம்பவில்லை. உன் விஷயத்தில் சோதித்துப் பார்க்கத்தான் தைரியம் வரவில்லை. சமையலறை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஸ்டேஷனில் உன் ரயில் ஊதியது காதில் விழும் வரை நின்றேன். உன்னிடம் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் என் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்திருப்பாய், நானும் வந்திருப்பேன். அந்த மதாம் எதிரே நின்று வழியனுப்பிய பஸ்ஸுக்கு ஒன்றும் ஆகவில்லை, எல்லோரும் பத்திரமாகப் போய்த் திரும்பினீர்கள். அதை நினைத்து நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

அவளுக்கு என் நமஸ்காரத்தைச் சொல், முழு வாக்கியமாக, பிரெஞ்சிலேயே சொல். கம்பளிக் காலுறையை வெயில் வந்துவிட்டது என்று கழற்றிவிடாதே. உன் படிப்பும் உடம்பும் குறைவின்றி இருக்க அம்பாளை வேண்டிக்கொள்கிறேன். ஆகஸ்டில் வந்து, மறுபடி இரண்டு வருஷத்துக்குக் கிளம்பப்போவதாக அத்தைக்கு எழுதியிருக்கிறாய். அன்று நான் ஸ்டேஷன் வரை வரலாமா? பதிலை அத்தைக்கு எழுதாதே, எனக்கு எழுது.

இப்படிக்கு,
உன் அம்மா
சுப்புலக்ஷ்மி